ஜாடை சாட்சி ஆகுமா?

காலையில் கடற்கரைச் சாலையில் என்னோடு நடக்க வரும் நண்பர் ஒருவர் இருக்கிறார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர். சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்னக் குறிப்பேடு இருக்கும். உலகத்தில் எந்த மூலையில் எந்தச் சொல் தமிழைப் போல ஒலித்தாலும் அது அந்த ஏட்டில் ஏறிவிடும். கொரியாக்காரர் 'அப்பா' என்கிறார் என்று கேள்விப்பட்ட அன்று அவர் முகத்தில் இருந்த பிரகாசத்தை இன்னும் மறக்கவில்லை.

சென்ற வாரம் நடை முடிந்து பெரிய மார்க்கெட்டில் அன்னாசிப்பழம் வாங்கினேன். "சார், பிரெஞ்சிலயும் இதுக்கு அனனாஸ்தானே? அப்போ நம்மகிட்டேர்ந்து போனதுன்னு எழுதிக்கட்டுமா?" என்று ஏட்டை எடுத்தார். "எழுதாதீங்க. நாமும் சரி, பிரெஞ்சுக்காரரும் சரி, மூணாவது வீட்டில் கடன் வாங்கினவங்க" என்றேன். பழமும் பெயரும் தென் அமெரிக்காவுடையவை. பிரேசில் கரையில் துப்பி மொழி பேசிய மக்களின் 'நனா' என்ற சொல்லைப் போர்த்துக்கீசியர் கப்பலில் ஏற்றிவந்தார்கள். அது அவர்கள் போன துறைமுகங்களில் எல்லாம் இறங்கியது. நண்பருக்குச் சற்று ஏமாற்றம். "அப்போ அந்தத் துப்பிக்காரங்க யாரோட சொந்தம்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நின்றபடி பதில் சொல்ல முடியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு இந்த விஷயத்தில் ஆசை வந்தது பள்ளியில். பிரெஞ்சில் படித்தவன் நான். எங்கள் வகுப்பாசிரியர் லெவி-ஸ்திராஸ் 1955-ல் வெளியிட்ட 'த்ரிஸ்த் த்ரோப்பீக்' என்ற பயண நூலை எனக்கு இரவல் கொடுத்தார். 1930களில் பிரேசிலின் உள்நாட்டில் அவர் பழகிய பொரோரோ, நம்பிக்வாரா, துப்பி-கவாஹிப் மக்களைப் பற்றிய புத்தகம். பாதி புரியவில்லை. ஆனால் ஒரே நாட்டுக்குள் ஒருவர் பேச்சு மற்றவருக்கு விளங்காத இத்தனை மக்கள் இருக்கிறார்களே, இவர்களெல்லாம் பங்காளிகளா, அக்கம்பக்கத்தாரா என்ற கேள்வி மட்டும் மனதில் தங்கிவிட்டது. ஓய்வுபெற்ற பிறகு பிரெஞ்சு நூலகத்திலும், பிறகு பேரன் வாங்கிக் கொடுத்த கணினியிலும் அதைத் தேடிப் படித்தேன்.

தென் அமெரிக்காவின் மொழிகளை அறிஞர்கள் அடுக்கிப் பார்த்தபோது நூற்றுக்கு மேற்பட்ட தனித்தனிக் கோப்புகள் வந்தன. சில கோப்புகளில் பல மொழிகள், பலவற்றில் ஒரே ஒரு மொழி. ஐரோப்பாவின் மொழிகள் பெரும்பாலும் ஒரே குடும்பத்தில் அடங்கிவிடுகின்றன என்பதை நினைத்தால் இது எவ்வளவு பெரிய எண்ணிக்கை என்பது விளங்கும். அவற்றில் பெரிய குடும்பங்கள் சில. துப்பிக் குடும்பத்துக்குப் பத்துக் கிளைகள். அவற்றில் பாதி பிரேசிலின் மேற்கே ரொண்டோனியா பகுதியில் இருக்கின்றன. பராகுவே நாட்டின் ஆட்சிமொழிகளில் ஒன்றான குவாரனி இந்தக் குடும்பம்தான். கரீப் குடும்பம் அமேசான் ஆற்றுக்கு வடக்கே, கயானா, வெனிசுவேலா காடுகளில் பரவியது. 1884-ல் கார்ல் ஃபொன் டென் ஸ்டைனென் என்ற ஜெர்மானியர் தெற்கே ஷிங்கு ஆற்றுப் பக்கம் போனபோது, அங்கே பகைரி மக்கள் பேசுவதும் கரீப் மொழியே என்று கண்டார். ஜே குடும்பத்தார் பெரும்பாலும் நடு பிரேசிலின் புல்வெளி நிலத்தார். கயப்போ மக்களைப் போலச் சிலர் காட்டுக்குள்ளும் வாழ்கிறார்கள். இவை தவிர அராவாக், பானோ என்று வேறு குடும்பங்களும் உண்டு.

இதுவரை பெரிய சண்டை இல்லை. இந்தக் குடும்பங்களுக்குள் யாருக்கு யார் சகோதரர் என்பதில்தான் வழக்கு.

1987-ல் அமெரிக்க அறிஞர் ஜோசப் கிரீன்பர்க் ஒரு பெரிய நூல் வெளியிட்டார். அமெரிக்கக் கண்டங்கள் இரண்டின் பழங்குடி மொழிகள் அனைத்தையும் மூன்றே மூன்று கட்டுகளாகக் கட்டிவிட்டார். அதில் ஜே, பானோ, கரீப் மூன்றும் ஒரே கிளை. துப்பியோ அராவாக்கோடு வேறு பக்கம். அதற்கு இரண்டு ஆண்டு முன்பே பிரேசில் அறிஞர் ஆரியோன் ரொத்ரீகஸ், துப்பியும் கரீபும் ஒரு தாய் மக்கள் என்பதற்கு ஆதாரங்கள் எழுதியிருந்தார். பின்னர் ஜே குடும்பத்தையும் சேர்த்து 'ஜே-துப்பி-கரீப்' என்றார். ஒருவர் வரைந்த வம்சாவளியில் சகோதரராக இருப்பவர் மற்றவர் வரைந்ததில் தூரத்து உறவு. இரண்டும் ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியாது. இரண்டுமே தவறாக இருக்கலாம்.

இதைப் படித்தபோது எனக்கு என் அலுவலக நாற்காலி நினைவுக்கு வந்தது.

பிரெஞ்சு தெரிந்தவன் என்பதால் என்னைப் பழைய எத்தா சிவில் பதிவேடுகளோடு கட்டிப்போட்டிருந்தார்கள். பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாம் பிரெஞ்சுக் கையெழுத்தில் இருக்கும். ஒரே ஆளின் பெயரை மூன்று குமாஸ்தாக்கள் மூன்று விதமாக எழுதியிருப்பார்கள். 1962-க்குப் பிறகு யார் பிரெஞ்சுக் குடியுரிமை, யார் இந்தியக் குடியுரிமை என்பது வாழ்க்கையையே மாற்றும் விஷயமாகிவிட்டதால், "நான் இன்னாருடைய மகன்" என்று நிரூபிக்க வருபவர்களுக்குக் குறைவே இல்லை. உங்களில் பலர் அந்த வரிசையில் நின்றிருப்பீர்கள்.

எண்பதுகளில் ஒரு நாள் அறுபது வயதுக்காரர் ஒருவர் வந்தார். சைகோனுக்குச் சிப்பாயாகப் போனவர் தன் தகப்பனார் என்றார். கையில் ஒரு புகைப்படம். நெற்றி, மூக்கு, காது எல்லாம் அச்சு அசல். ஆனால் அவர் பிறந்ததற்கான பதிவு இல்லை. தாய் தந்தை திருமணத்துக்கும் பதிவு இல்லை. இரண்டு வாரம் தேடினேன். பிறகு அவரிடம், "உங்களுக்கும் அவருக்கும் உறவு இல்லை ஐயா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் எதுவும் பேசவில்லை. படத்தைக் கைக்குட்டையில் மடித்து வைத்துக்கொண்டு போனார்.

மாலையில் கோப்பைத் தலைமை எழுத்தரிடம் வைத்தேன். "உறவு இல்லை" என்ற என் வரியைச் சிவப்பு மையால் அடித்து, "உறவு மெய்ப்பிக்கப்படவில்லை" என்று எழுதினார். "தம்பி, இருக்குன்னு சொல்ல ஒரு காகிதம் வேணும்னா, இல்லைன்னு சொல்லவும் ஒரு காகிதம் வேணும். உன்கிட்ட ரெண்டும் இல்லை" என்றார். கோப்பு திருந்திவிட்டது. ஆனால் அந்த மனிதரின் காதில் விழுந்தது என் முதல் வாக்கியம்தான். அவர் திரும்பி வரவில்லை.

இனி மொழிக்கு வருகிறேன். ஜாடை ஏன் சாட்சி ஆகாது? பிரெஞ்சில் நெருப்புக்கு 'ஃபெ', ஜெர்மனில் 'ஃபாயர்'. கேட்டால் அண்ணன் தம்பி. ஆனால் பிரெஞ்சுச் சொல் லத்தீனில் அடுப்பைக் குறித்த 'ஃபோகுஸ்' என்பதிலிருந்து வந்தது. ஜெர்மன் சொல்லின் வழி வேறு. ஜாடை இருந்தும் உறவு இல்லை. மாறாக, நம் 'பால்' கன்னடத்தில் 'ஹாலு'. தனியாகப் பார்த்தால் சந்தேகம் வரும். ஆனால் பல்லுக்கு 'ஹல்லு', பத்துக்கு 'ஹத்து', பாம்புக்கு 'ஹாவு' என்று வரிசையாக வரும்போது, நம் பகரம் நிற்கும் இடத்தில் அங்கே ஹகரம் நிற்கிறது என்ற விதி தெரிகிறது. ஒரு சொல் தற்செயலாக ஒத்துப்போகலாம், அன்னாசியைப் போலக் கடனாகவும் வரலாம். விதி அப்படித் தற்செயலாக அமையாது. அந்த விதிதான் பதிவேட்டில் உள்ள கையொப்பம்.

கிரீன்பர்க் பல மொழிகளின் சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒட்டுமொத்தமாகப் பார்த்தார். 'நான்' என்பதற்கு நகரமும், 'நீ' என்பதற்கு மகரமும் வருவதைப் பெரிய அடையாளமாகக் கொண்டார். எதிர்த்தவர்கள், இப்படிச் சின்ன ஒலிகள் எங்கும் வரும் என்றார்கள். அவர் பயன்படுத்திய சொற்பட்டியல்களில் இருந்த பிழைகளையும் எடுத்துக் காட்டினார்கள். நகரம் போதும் என்றால் 'நான்' என்று சொல்லும் நாமும் பாதி வழி போய்விடுவோம்!

ரொத்ரீகஸ் அந்த வகை அல்ல. வாழ்நாள் முழுக்கத் துப்பி மொழிகளோடு இருந்தவர். அவர் காட்டிய ஆதாரங்களில் எனக்குப் பிடித்தது ஒன்று. குவாரனியில் கண் என்பது 'தெசா'. என் கண் 'ஷே ரெசா'. அவன் கண் 'ஹெசா'. உடையவர் யார், அவர் பெயர் முன்னால் நிற்கிறதா என்பதைப் பொறுத்துச் சொல்லின் முதல் எழுத்தே மாறுகிறது. இதைப் போன்ற அமைப்பு கரீப் மொழிகளிலும் ஜே மொழிகளிலும் இருக்கிறது என்றார் அவர். இலக்கணத்தின் எலும்பைக் கடனாக வாங்குவது எளிதல்ல என்பதால் இது கனமான சாட்சிதான். ஆனால் இந்த மாற்றம் துப்பிக் குடும்பத்துக்குள்ளேயே ஒலி மாற்றத்தால் பின்னாளில் உண்டானது என்பாரும் உண்டு. ஒலி விதிகளைக் காட்டும் சொற்களும் போதிய அளவு சேரவில்லை. 2014-ல் அவர் காலமானார். வழக்கு இன்னும் தீரவில்லை.

அண்டை வீட்டார் எவ்வளவு தூரம் கலந்துவிடுவார்கள் என்பதற்கும் ஒரு கதை உண்டு. நம் ஊர் ஆட்கள் பிற்காலத்தில் கூலிகளாகக் கப்பலேறிய குவாதலூப் தீவுக்கு 1635-ல் ரெமோன் பிரெத்தோன் என்ற பாதிரியார் போனார். 1665-ல் 'கரீப்-பிரெஞ்சு அகராதி' அச்சிட்டார். அதில் ஆண்கள் ஒரு சொல்லும் பெண்கள் வேறு சொல்லும் பேசுவதாகக் குறித்திருக்கிறார். ஆண்கள் சொற்களில் பல கரீப். பெண்கள் சொற்கள் அராவாக். மொழியின் உடலோ முழுக்க அராவாக். பெயர்ப்பலகையில் மட்டும் கரீப்! பெயரைப் பார்த்துக் கோப்பில் சேர்த்தவர் ஏமாந்திருப்பார்.

பொறுமைக்கும் பலன் உண்டு. 1767-ல் நம் புதுச்சேரியிலிருந்து கெர்து என்ற பாதிரியார், சமஸ்கிருதமும் லத்தீனும் கிரேக்கமும் ஒரு வழி வந்தவை என்று பாரிசுக்கு எழுதினார். அது அச்சேறியது 1808-ல். அதே 1767-ல் ஸ்பெயின் மன்னரின் ஆணையால் ஒரினோகோ ஆற்றங்கரையிலிருந்து வெளியேற்றப்பட்டவர் ஜிலி என்ற இத்தாலியப் பாதிரியார். பதினெட்டு ஆண்டு அங்கே வாழ்ந்தவர். ரோமுக்குத் திரும்பி எழுதிய நூலில் அங்குள்ள மொழிகளைத் தாய்மொழி வாரியாகப் பிரித்தார். கரீப், அராவாக் குடும்பங்களைப் பற்றி அவர் கண்டது இன்றும் நிற்கிறது. கோப்பு தூங்கினாலும் காகிதம் இருந்தால் ஒரு நாள் எழுந்துவிடும்.

காகிதம் இல்லாவிட்டால்? என்னை உறங்கவிடாத பகுதி இதுதான். 2018 செப்டம்பர் 2-ஆம் தேதி இரவு ரியோ நகரின் தேசிய அருங்காட்சியகம் எரிந்தது. பழங்குடி மொழிகளின் பதிவுகளும் குறிப்புகளும் இருந்த காப்பகமும் சாம்பலானது. ரெக்கார்டு ரூமில் வாழ்ந்தவனுக்கு அந்தப் படத்தைப் பார்க்கவே முடியவில்லை.

ரொண்டோனியாவில் 1995-ல் அகுன்சு என்ற மக்களை அதிகாரிகள் சந்தித்தபோது மிஞ்சியிருந்தவர்கள் ஏழே பேர். அவர்கள் மொழி துப்பிக் குடும்பம் என்றாவது எழுதிக்கொள்ள முடிந்தது. அதே மாநிலத்தில் தன் கூட்டத்தார் அனைவரையும் இழந்து, சுமார் 26 ஆண்டுகள் காட்டில் தனியாக வாழ்ந்த ஒருவர் 2022 ஆகஸ்டில் தன் குடிசையில் வலை ஊஞ்சலில் இறந்து கிடந்தார். குடிசைக்குள் ஆழமான குழி தோண்டும் வழக்கம் இருந்ததால் 'குழி மனிதர்' என்றுதான் உலகம் அவரை அழைத்தது. யாரையும் அருகில் விடவில்லை. அவர் பெயர் தெரியாது. அவர் மொழியில் தண்ணீருக்கு என்ன சொல் என்று தெரியாது. அது துப்பியா, வேறா, எதனோடும் சேராத ஒன்றா, இனி எவராலும் சொல்ல முடியாது. கடைசி சாட்சி போய்விட்டார்.

நேற்று நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். "அப்போ துப்பிக்காரங்க யாரோட சொந்தம்னு கடைசியா என்னன்னு எழுத?" என்றார்.

"மெய்ப்பிக்கப்படவில்லைன்னு எழுதுங்க. இல்லைன்னு மட்டும் எழுதிடாதீங்க" என்றேன்.

குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். பிறகு பின்னால் புரட்டி, கொரியா 'அப்பா'வுக்கு எதிரேயும் அதையே எழுதினார். எனக்கு அந்தப் புகைப்படத்தை மடித்துக்கொண்டு போனவரின் முகம் வந்து நின்றது. அவர் பிள்ளைகள் யாராவது இந்த ஊரில் இருந்தால், அன்று நான் சொன்னது தவறு என்று தெரிவிக்க ஆசைப்படுகிறேன். நான் சொல்லியிருக்க வேண்டியது, "எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை ஐயா" என்பதுதான்.