தட்டுக்கும் லென்ஸுக்கும் நடுவே

ஹோட்டல் சாப்பாட்டைப் படமெடுக்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த லென்ஸ் ரொம்பக் கிட்டத்தில் போகும்?" என்றுதான். நான் திருப்பிக் கேட்பது, "நீங்கள் எங்கே நிற்கப்போகிறீர்கள்?" ஸ்டூடியோவில் மேசையை வேண்டிய பக்கம் நகர்த்திக்கொள்ளலாம். வியாபாரம் நடக்கிற ஹோட்டலில் அது நடக்காது. முதுகுக்குப் பின்னால் சப்ளையர் சாம்பார் வாளியோடு போய் வந்துகொண்டிருப்பார், எதிரே சுவர், தலைக்கு மேல் மின்விசிறி. இவற்றுக்கு நடுவே மிஞ்சுகிற இடம்தான் லென்ஸைத் தீர்மானிக்கிறது.

பெரும்பாலோர் முதலில் வாங்குவது 50 மி.மீ. எஃப் 1.8. விலை குறைவு, மங்கலான வெளிச்சத்திலும் கைகொடுக்கும். ஆனால் கேனனின் இஎஃப் 50 எஸ்டிஎம் 35 செ.மீ.க்குக் கிட்டே ஃபோகஸ் ஆகாது; நிக்கானின் 50 எஃப் 1.8ஜி 45 செ.மீ.யிலேயே நின்றுவிடும். ஃபுல் ஃப்ரேம் கேமராவில் முன்னது சுமார் 17 செ.மீ. அகலத்தையும், பின்னது 24 செ.மீ. அகலத்தையும் படம் முழுக்க நிரப்பும். ஒரு தட்டுக்கு இது தாராளம். 7 செ.மீ. வடையோ படத்தில் பாதி அகலத்துக்குக்கூட வராது.

அந்தக் குறையைப் போக்க அகலக் கோண லென்ஸையோ போனையோ எடுத்துக்கொண்டு வடையின் மேலேயே குனிபவர்கள் உண்டு. அப்போது வடையின் முன்விளிம்பு உப்பிப் பெருக்கும், பின்விளிம்பு சுருங்கும், வட்டத் தட்டு முட்டை வடிவமாகும். இதைச் செய்வது லென்ஸின் ஃபோகல் லெங்த் அல்ல, நாம் நிற்கும் தூரம். மாஸ்டர் ஈரக் கையில் மாவைத் தட்டி, நடுவில் துளையிட்டு, எண்ணெயில் நழுவவிட்ட வட்டம் அது. அவர் தந்த வடிவத்தைக் குலைக்காமல் காட்டுவது என் பொறுப்பு. கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டே வடையைப் பெரிதாகக் காட்டும் கருவி எனக்கு வேண்டும்.

அதற்குத்தான் 90 முதல் 105 மி.மீ. வரையிலான மேக்ரோ. நிக்கானின் 60 மி.மீ. மேக்ரோவும் பொருளை முழு அளவில் சென்சாரில் பதிக்கும். ஆனால் அப்போது லென்ஸின் முகப்புக்கும் பொருளுக்கும் இடையே சுமார் 5 செ.மீ. மட்டுமே இருக்கும். லென்ஸின் நிழல் தட்டில் விழும், இட்லியின் ஆவி கண்ணாடியில் படியும். கேனனின் 100 மி.மீ. மேக்ரோவில் அதே அளவுக்குச் சுமார் 14 செ.மீ. கிடைக்கிறது. அந்த இடைவெளியில்தான் ஜன்னல் வெளிச்சம் நுழைந்து தாளிப்பின் எண்ணெய் மினுக்கைத் தொடுகிறது.

சாதாரண லென்ஸ் தூரத்துக் காட்சிகளுக்காகச் சீர்செய்யப்பட்டது, மேக்ரோ அருகிலிருப்பதற்காக. நிக்கான் 1956-இல் தன் முதல் மைக்ரோ நிக்கோர் மேக்ரோ லென்ஸைக் கொண்டுவந்தபோது, ஜப்பானிய எழுத்துகளின் நுண்ணிய கோடுகளை மைக்ரோஃபிலிமில் தெளிவாகப் பதிப்பதே நோக்கமாக இருந்தது. தாளின் மூலைவரை கூர்மை கேட்ட அந்த வேலையால் இன்று ரவா தோசையின் ஒவ்வொரு துளையும் அதன் முறுகல் ஓரமும் நமக்குத் துல்லியமாகக் கிடைக்கின்றன.

அடுத்தது அப்பெர்ச்சர். லென்ஸை எவ்வளவு அகலமாகத் திறக்க முடிகிறதோ அவ்வளவு நல்லது என்று பலர் நம்புகிறார்கள். 14 செ.மீ. அகலம் படத்தை நிரப்பும்படி எடுக்கும்போது, எஃப் 2.8-இல் கூர்மை நிற்கும் ஆழம் 3 மி.மீ.யைச் சற்றே தாண்டும். பொங்கலில் ஒரு முந்திரி தெளிவாக இருக்கும், அதன் பின்னாலுள்ள மிளகு கலங்கிப்போகும். எஃப் 8-இல் அந்த ஆழம் ஒரு செ.மீ.க்கு அருகில் வரும். பொங்கல் பொங்கலாகத் தெரியும். ஆனால் வெளிச்சம் எட்டில் ஒரு பங்காகக் குறையும். அதனால் நான் முதலில் கேட்பது ஜன்னலோர மேசை, அடுத்து ஒரு ட்ரைபாட் வைக்க இடம். லென்ஸின் ஸ்டெபிலைசர் கை நடுக்கத்தைச் சமாளிக்கும். ஆவியின் அசைவுக்கு அது உதவாது. ஆவி வேண்டுமானால் ஜன்னல் தட்டுக்குப் பின்னால் வரும்படி உட்கார்ந்து, ஷட்டர் வேகத்தைக் கூட்ட வேண்டும்.

மேக்ரோ எல்லாவற்றுக்கும் பொருந்தாது. 60 செ.மீ. நீளத் தலைவாழை இலையை நேர் மேலிருந்து எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 100 மி.மீ. லென்ஸ் என்றால் இலைக்கு மேல் 1.75 மீட்டர் உயரம் வேண்டும், 75 செ.மீ. மேசையையும் சேர்த்தால் தரையிலிருந்து 2.5 மீட்டர். அங்கே மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கும். 50 மி.மீ. லென்ஸுக்கு 90 செ.மீ.க்குள் போதும், தரையில் நின்றே எடுத்துவிடலாம். 35 மி.மீ. இன்னும் கீழே இறங்கச் சொல்லும். ஓரத்து டம்ளர்கள் வெளிப்பக்கம் சாய்ந்து தெரியும். அதனால் என் பையில் எப்போதும் இரண்டு லென்ஸ்கள்: இலைக்கும் முழுத் தட்டுக்கும் 50, ஒற்றைப் பண்டத்துக்கு 100. சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் கேமரா வைத்திருப்பவருக்கு 35-உம் 60 மேக்ரோவும் ஏறக்குறைய அதே வேலையைச் செய்யும்.

லென்ஸ் வாங்கும் முன் ஓர் அளவுநாடாவோடு நீங்கள் படமெடுக்கப்போகும் ஹோட்டலில் உட்காருங்கள். கண்ணிலிருந்து தட்டுவரை, மேசையிலிருந்து மின்விசிறிவரை, நாற்காலியிலிருந்து பின்சுவர்வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் தரும் பட்டியலைவிட இந்த மூன்று அளவுகள் சரியாக வழிகாட்டும். ஏற்கெனவே 50 வைத்திருப்பவர் எஃப் 1.4-க்கோ எஃப் 1.2-க்கோ பணத்தைச் சேர்க்க வேண்டியதில்லை. அந்தப் பணம் மேக்ரோவுக்குப் போகட்டும். பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. டாம்ரான் 1979-இல் வெளியிட்ட 90 மி.மீ. எஃப் 2.5 கையால் ஃபோகஸ் செய்வது. பொருளைப் பாதி அளவுவரைதான் பதிக்கும். அந்தப் பாதி அளவில் படத்தின் அகலம் 7.2 செ.மீ. ஒரு மெதுவடையைப் படம் முழுக்க, அதன் சொந்த வட்டத்தோடு காட்ட அதுவே போதும்.