தலைக்கணக்கும் வாக்குக் கணக்கும்

1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டம் வந்த கையோடு, ஹாலிஎலைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பெரியவர் ஒருவர் சத்தியக் கடதாசி முடிக்க வந்தார். இந்தியப் பிரசாவுரிமைக்கு விண்ணப்பிக்காத நாடற்றவர் என்று அவர் சத்தியம் செய்தால் போதும், இலங்கைப் பிரசாவுரிமை கிடைக்கும். கையெழுத்திட்டபின் கேட்டார்: “ஐயா, நாப்பத்தேழுல ஓட்டுப் போட்டேனே, அத எந்தக் கோட்டுல பறிச்சாங்க?”

பறித்தது நீதிமன்றமல்ல, பாராளுமன்றம். 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் தகப்பனோ, இல்லையேல் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்ததற்குச் சான்று கேட்டது. பிறப்புப் பதிவே அரிதான லயங்களில் இரண்டு மூன்று தலைமுறைக்கு முந்தைய கடதாசியை யார் வைத்திருப்பார்? 1949இன் தேர்தல் திருத்தச் சட்டம் பிரசையல்லாதவரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கியது. 1947இல் ஏழு ஆசனங்களை வென்ற இலங்கை இந்தியன் காங்கிரசுக்கு 1952இல் ஒன்றுகூட இல்லை.

அந்த நீக்கத்தை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போனவர் றுவான்வெல்லைத் தொகுதியின் கோடாக்கன்பிள்ளை. ஒரு சமூகத்தாருக்கு மட்டும் இடர் விளைவிக்கும் சட்டத்தை இயற்றலாகாது என்ற, அன்றைய யாப்பின் 29ஆம் பிரிவை அவர் தரப்பு பற்றிநின்றது. இடாப்பைத் திருத்தும் அதிகாரி அவர் பக்கமே தீர்ப்பளித்தார். உயர் நீதிமன்றம் அதை ரத்துச் செய்தது. 1953இல் பிரிவிக் கவுன்சிலும் அந்த ரத்தை உறுதிசெய்தது. சட்டத்தில் எந்தச் சமூகத்தின் பெயரும் இல்லை, பிரசை யார் என்று வரையறுப்பது அரசுகளின் வழமையான வேலை, 1949இன் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் பதிவுக்கு வழி திறந்திருக்கிறது என்பன காரணங்கள். தர்க்கம் சுத்தமானது, அதுதான் என்னை இன்றும் உறுத்துகிறது. அந்த வழியால் நுழைய விண்ணப்பித்த ஏறத்தாழ எட்டு லட்சம் பேரில் உள்ளே போனவர்கள் சுமார் 1,34,000 மட்டுமே.

பெரியவரிடம் நான் சொல்லாத ஒன்று உண்டு. 1946இல் தொகுதி பிரித்தபோது 75,000 குடிகளுக்கு ஓர் ஆசனம் என்பது விதி. 1959இன் பிரிப்பும் தலைக்கணக்கின்படியே நடந்தது. ஊவாவின் தோட்டத் தலைகளும் அதில் எண்ணப்பட்டன. அவர்களால் கூடிய ஆசனங்களுக்கு வாக்களித்தவர்கள் மற்றவர்கள். மலைநாட்டில் ஒரு வாக்கின் பெறுமதி ஏறியதன் ரகசியம் இதுவே, எந்த வழக்கிலும் விவாதிக்கப்படாத இலாபம் என்று என் சீனியர் சொல்வார்.

1978இன் யாப்பு கணக்கை மாற்றிற்று: 160 ஆசனங்கள் பதிவான வாக்காளர் தொகைப்படி மாவட்டங்களுக்குப் பகிரப்படுகின்றன. நாடற்றவர் அந்தக் கணக்கிலும் இல்லாமற் போனார். 1988 பெரும்பாலாரையும், 2003இன் 35ஆம் இலக்கச் சட்டம் எஞ்சியோரையும் பிரசைகளாக்கின. இன்று லயத்தில் ஒரு பெயர் இடாப்பில் விடுபட்டால், இழப்பு அந்த வீட்டோடு நிற்பதில்லை. பதுளை மாவட்டத்தின் ஆசனப் பங்கிலும் அது ஒரு தலை குறைவு.