கொஞ்சம் ஹெவி

நம்மூரில் 'ஹெவி'க்குத் தராசே தேவையில்லை. மதியச் சாப்பாடு ஹெவி, கிண்டியில் டிராஃபிக் ஹெவி, முகூர்த்தப் புடவையில் ஜரிகை ஹெவி. ஊதினால் பறந்துவிடுகிற மாதிரி இருக்கும் லாரி டிரைவர் அண்ணன், "நம்மகிட்ட ஹெவியே இருக்கு சார்" என்பார். லைசென்ஸைச் சொல்கிறார்.

இங்கிலீஷ்காரர்கள் இதில் பிடிவாதக்காரர்கள். மழை என்றால் ஹெவி, காற்று என்றால் ஸ்ட்ராங். சிகரெட்டாக ஊதித் தள்ளுகிறவர் ஹெவி ஸ்மோக்கர். அவர் குடிக்கிற டீ மட்டும் ஸ்ட்ராங். இடியே விழுந்தாலும் எழாதவர் ஹெவி ஸ்லீப்பர். காரணமெல்லாம் கேட்கக்கூடாது, வழக்கம் அவ்வளவுதான். (நாம் மட்டும் என்னவாம்? கனமழை சரி, 'கனக்காற்று' என்று சொல்லிப் பாருங்கள்!)

இந்தச் சொல்லை நிஜமாகவே அளந்து பேசுகிறவர்கள் இந்திய வானிலைத் துறைக்காரர்கள். 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரைத் தொட்டால்தான் ஹெவி. 115.6-லிருந்து வெரி ஹெவி. 204.4-ஐத் தாண்டினால் எக்ஸ்ட்ரீம்லி ஹெவி. நம் டிவி சேனல்களுக்கு நாலு தூறலே போதும்.

கல்பாக்கம் அணுஉலைகளில் பயன்படுகிற ஹெவி வாட்டரும் பெயருக்கேற்ற சரக்குதான். சாதாரணத் தண்ணீரைவிடச் சுமார் 11 சதவீதம் அடர்த்தி அதிகம். அதை ஐஸ் கட்டியாக்கி ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டால் மிதக்காது, நேராக அடியில் போய் உட்கார்ந்துவிடும்.