கணக்கில் வராத பகுதி

ஜப்பானியப் பூவமைப்பில் உயரமான ஜாடிக்கென்று ஒரு முறை இருக்கிறது. நாகெய்ரே என்று பெயர். ‘எறிந்து போட்டது’ என்று அர்த்தம். அகலத் தட்டில் அமைப்பது மொரிபானா. அங்கே நிமிர்ந்த ஆணிகள் கொண்ட கென்ஸான் என்ற கனத்த உலோகத் துண்டு தண்ணீருக்குள் உட்கார்ந்திருக்கும். காம்பை அதில் குத்தினால் நிற்கும். உயரமான ஜாடியில் அந்த வசதி கிடையாது. பெயரை நம்பி ஒரு கிளையை எடுத்துப் போட்டுப் பார்த்தால் தெரியும். கிளை ஜாடியின் வாயில் அரைச் சுற்றுச் சுற்றி, தன் கனமான பக்கம் கீழே வரும்படி, நாம் பார்க்க விரும்பிய முகத்தைச் சுவருக்குக் காட்டிக்கொண்டு நின்றுவிடும்.

இரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னையில் ஓர் அம்மாளிடம் இதைக் கற்றுவருகிறேன். வங்கிக் குமாஸ்தாவுக்கு, அதுவும் கவிதை விமர்சனம் எழுதுகிறவனுக்கு, இது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பொழுதுபோக்கு என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் கவிதை பற்றி எனக்குச் சொல்லத் தெரியாமலிருந்த ஒரு விஷயம் இங்கே கைக்குத் தட்டுப்படுகிறது என்பதுதான் நிஜம்.

சொகெட்ஸு பள்ளியின் பாலபாடத்தில் அளவுகள் உண்டு. ஜாடியின் உயரத்தையும் அகலத்தையும் கூட்டி ஒன்றரையால் பெருக்கினால் முதல் கிளையின் நீளம். அதில் முக்கால் இரண்டாவது. இரண்டாவதில் முக்கால் மூன்றாவது. 30 செ.மீ. உயரமும் 10 செ.மீ. அகலமும் உள்ள ஜாடிக்கு 60, 45, ஏறக்குறைய 34. எண்களோடு வாழ்கிறவனுக்கு இதில் சிரமமில்லை. ஆனால் இவையெல்லாம் ஜாடியின் வாய்க்கு மேலே தெரிகிற நீளம். உள்ளே மறைகிற பகுதி இந்தக் கணக்கில் வராது. அதை ஒவ்வொரு கிளைக்கும் தனியாகப் பார்த்துத்தான் விட வேண்டும். கிளை நிற்பதும் சுழல்வதும் அந்தப் பகுதியைப் பொறுத்தது.

வழிகள் உண்டு. வாயின் உள்விட்டத்தைவிட மயிரிழை நீளமாக இரண்டு குச்சிகளை வெட்டி, வாய்க்குச் சற்றுக் கீழே குறுக்கும் நெடுக்குமாக இறுக்குவது ஒன்று. நான்கு அறைகள் உண்டாகும். கிளைகளும் பூவும் ஒரே அறைக்குள் போக வேண்டும். கிளையின் அடியைப் பிளந்து, அதே போல் பிளந்த ஒரு துணைக்குச்சியை அதில் கோத்து, உள்ளே முட்டுக்கொடுப்பது இன்னொன்று. எதுவானாலும் அடி சரிவாக வெட்டப்பட்டு உட்சுவரில் படிய வேண்டும். “மேலே பாக்காதீங்க தம்பி, உள்ளே அது எங்கே போய் ஒட்டுதுன்னு பாருங்க” என்பார் அம்மாள். இலைகளில் பாதிக்கு மேல் கத்தரித்துவிட்டால்தான் கிளையின் கோடு தெரியும். எல்லாம் முடிந்தபின் குச்சியும் தெரியாது, பிளவும் தெரியாது. மொட்டோடு ஒரு மாதுளங்கிளை, யாரோ போகிறபோக்கில் போட்டுவிட்டுப் போன மாதிரி சாய்ந்திருக்கும்.

கியோத்தோவின் ரொக்ககுதோ கோயிலை ஒட்டி வளர்ந்த இகெனொபோ மரபில் ரிக்கா என்ற பெரிய அமைப்பு உண்டு. பல கிளைகள், ஒவ்வொன்றுக்கும் விதித்த இடம். அதன் ஆடம்பரத்துக்கு எதிர்ப்பக்கத்தில், 16ஆம் நூற்றாண்டில், தேநீர் அறையோடு சேர்ந்து எழுந்தது நாகெய்ரே. பூ வயலில் இருப்பதைப்போல இருக்கட்டும் என்று தேநீர்க் கலையின் ஆசான் சென் நோ ரிக்யூ (1522–1591) சொன்னதாக மரபு. அந்த எளிமையும் நாளடைவில் செய்கா என்ற இலக்கணமாக இறுகியது. 1927இல் சொகெட்ஸுவைத் தொடங்கிய தெஷிகஹரா ஸோஃபூ விதிகளை மறுத்துத்தான் கிளம்பினார். அவருடைய பள்ளியிலும் பாலபாடம் மேலே சொன்ன அளவுகளிலிருந்துதான் ஆரம்பிக்கிறது.

இதையெல்லாம் எழுதக் காரணம் ஒரு கவி நண்பர். தன் தொகுப்பின் கையெழுத்துப் பிரதியைத் தந்து அபிப்பிராயம் கேட்டார். பல கவிதைகளில் எந்த வரியையும் எங்கே வேண்டுமானாலும் மாற்றி வைக்கலாம்போல இருக்கிறது என்றேன். “வருவதை வந்தபடி எழுதுகிறேன். நீர் யாப்பைத் துரத்திவிட்டு வேறு பெயரில் இலக்கணம் கேட்கிறீர்” என்றார். நான்கு மாதமாகப் பேச்சில்லை.

1959இல் தொடங்கிய ‘எழுத்து’ புதுக்கவிதைக்கு இடம் தந்தபோது, பண்டிதர்கள் அதை ‘வந்தபடி எழுதுவது’ என்று பழித்தார்கள். அந்தப் பழிப்பையே இன்று கவிஞர்கள் பெருமையாகச் சொல்கிறார்கள். ஜப்பான் விஷயத்திலும் இதே கதை. 1916இல் சுதேசமித்திரனில் பாரதி ஜப்பானியக் கவிதை பற்றி எழுதினார். பிற்பாடு ஹைக்கு என்ற பெயரில் நம்மிடம் பெருகியவற்றில் பெரும்பாலானவை மூன்று வரியை மட்டும் எடுத்துக்கொண்டன. சுருக்கம் என்பது வெட்டியதன் விளைவு. எது நிற்க வேண்டும் என்று தெரியாதவன் எதை வெட்டுவான்?

நான் வேலை பார்க்கும் வங்கியின் வாசலில் உயரமான ஜாடி ஒன்றில் பிளாஸ்டிக் பூக்கள் இருக்கின்றன. அவை சுழல்வதில்லை. உள்ளே கம்பி, வளைத்த பக்கம் வளையும். உயிருள்ள கிளைக்குத்தான் கனமான பக்கம் உண்டு. சொற்களுக்கும் உண்டு. அம்மா, மழை, இருள், நதி: இவற்றைச் சும்மா ஒரு வரியில் போட்டால், ஆயிரம் பேர் புழங்கிய பழைய பக்கத்துக்கே சுழன்று திரும்பிவிடுகின்றன. கவிஞன் பார்த்த முகம் சுவர்ப்பக்கம் போய்விடுகிறது. வந்தபடி எழுதுவதில் வருவது பெரும்பாலும் இந்தப் பழைய பக்கம்தான். நான் நண்பரிடம் கேட்டது யாப்பை அல்ல, சுழலாமல் பிடிக்கிற ஒன்றை. அதை வெளியே காட்ட வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. முட்டுக்குச்சியையே தூக்கிக் காட்டுகிற கவிதைகளும் உண்டு. எடுத்துக்காட்ட வசதி என்பதால் சில விமர்சகர்கள் அவற்றைப் புகழ்வார்கள். அங்கே கிளை இல்லை.

பிரதி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. மழை வரும் கவிதைகள் அதில் ஒன்பது. எட்டில் மழை எல்லோருக்கும் தெரிந்த ஏக்கமாகத் திரும்பிவிடுகிறது. ஒன்றில், ரேஷன் கடை வரிசையில் முன்னால் நிற்பவர் காலிப் பையைத் தலைக்கு மேல் பிடிக்கிறார். அதற்கடுத்த வரியில் வருகிற மழை அசையாமல் நிற்கிறது. அந்தப் பையை அவர் யோசித்து வைத்தாரா, அதுவாக வந்ததா என்பது எனக்கு முக்கியமில்லை. மற்ற எட்டிலும் அப்படி ஒரு பை இல்லை. இந்தப் பத்திரிகை அவருக்கும் போகிறது. படிப்பார் என்றே நினைக்கிறேன்.