சொட்டு விழும் இடம்

பொன்மலை,
புரட்டாசி 25

அன்புள்ள கயலுக்கு,

மாமா எழுதுவது. அத்தைக்கு முழங்கால் வலி முன்னைக்கு இப்போது பரவாயில்லை. செயினுக்குத் தானாக எண்ணெய் விடும் சாதனத்தை உன் வண்டியில் மாட்டலாமா என்று போனில் கேட்டாய். மாட்டலாம் என்று சொல்லிவிட்டேன். எங்கே, எப்படி, எவ்வளவு என்பதெல்லாம் போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எல்லா வண்டிக்கும் இது தேவை என்று நான் சொல்லமாட்டேன். உன் அப்பா வண்டியில் செயின் முழுக்கக் கவருக்குள் இருக்கிறது. மண்ணும் மழையும் அதை அவ்வளவு லேசில் அண்டாது. உன்னுடையது திறந்த செயின். அதோடு நீ போய்வருகிற பாதை என்ன பாதை! அகஸ்தியம்பள்ளி உப்பளத்து ஓரமாகக் கோடியக்கரை வரைக்கும் உப்புக் காற்றும் மணலும். ஐப்பசி பிறந்தால் அடைமழை. 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை செயினைத் துடைத்து எண்ணெய் போடு என்று வண்டியோடு தருகிற புத்தகத்தில் இருக்கும். ஒரு நல்ல மழையில் ஓட்டினால் அந்தக் கணக்கு அன்றைக்கே முடிந்தது. ராத்திரி பத்து மணிக்கு மாடு கன்று போட முடியாமல் கிடக்கிறது என்று ஆள் வந்து நின்றால், நீ செயினையா பார்த்துக்கொண்டிருப்பாய்? பார்க்கவும் கூடாது. ஆகவே உனக்கு இது தேவைதான்.

செயினுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் தானே விளங்கும். இன்றைக்கு நாம் ஓட்டுகிற செயினின் அமைப்பு 1880-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் என்பவர் செய்தது. ஒவ்வொரு கண்ணியிலும் நடுவே ஒரு பின், அதைச் சுற்றி ஒரு புஷ், அதற்கும் வெளியே உருளுகிற ரோலர். "செயின் நீண்டுபோச்சு" என்று மெக்கானிக் சொல்வாரே, இரும்பு இழுபட்டு நீளுவதால் மட்டும் அப்படி ஆவதில்லை. பின்னும் புஷ்ஷும் உராய்ந்து தேய்ந்து, கண்ணிக்குக் கண்ணி மயிரிழை அளவு இடைவெளி கூடுகிறது. நூற்றுச் சொச்சம் கண்ணிகளிலும் அது சேரும்போது செயின் தொங்குகிறது. உன் வண்டியில் இருப்பது ஓ-ரிங் செயின். பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே கம்பெனியிலேயே கிரீஸ் அடைத்து, இரண்டு பக்கமும் ரப்பர் வளையம் போட்டு மூடியிருப்பார்கள். நாம் விடுகிற எண்ணெய் அந்த உள்ளிடத்துக்குப் போகவே போகாது. அது ரோலரும் ஸ்ப்ராக்கெட் பல்லும் உரசும் இடத்துக்கு; அந்த ரப்பர் வளையம் காய்ந்து வெடிக்காமல் இருப்பதற்கு; உப்பு பட்டுத் தகடு துருப்பிடிக்காமல் இருப்பதற்கு. இந்த மூன்றுக்கும் மெல்லிய பூச்சு போதும். ஆனால் அது எந்நேரமும் இருக்க வேண்டும். மாதம் ஒருநாள் குடம் குடமாக ஊற்றுவதைவிட நிமிஷத்துக்கு ஒரு சொட்டு மேல் என்பது இதனால்தான்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே எண்ணெய் விடுகிற யோசனை எங்கள் ரயில்வேக்காரர்களுக்குப் பழையது, கயல். எலைஜா மெக்காய் என்று ஒருவர். அடிமைத்தளையிலிருந்து தப்பிக் கனடாவுக்கு ஓடிய பெற்றோருக்குப் பிறந்தவர். ஸ்காட்லாந்தில் போய் இன்ஜினியரிங் கற்றுத் திரும்பினார். கறுப்பர் என்பதால் அமெரிக்காவில் ரயில் இன்ஜினில் கரி அள்ளிப் போடும் வேலைதான் கிடைத்தது. அங்கங்கே வண்டியை நிறுத்தி இறங்கிப்போய்க் கையால் எண்ணெய் விடுவதும் அந்த வேலையோடு சேர்ந்ததுதான். வண்டி ஓடும்போதே எண்ணெய் போய்ச் சேரும்படி ஒரு கிண்ணம் செய்து 1872-இல் காப்புரிமை வாங்கினார். பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்த காலத்தில் இந்தப் பெயர் எனக்குத் தெரியாது. பிறகுதான் படித்தேன். படித்த அன்றைக்கு ரொம்ப நேரம் அவரையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீராவி இன்ஜினில் இன்னொரு முறையும் உண்டு. எண்ணெய்க் கிண்ணத்தில் கம்பளி நூல் திரியைப் போட்டு, அதன் மறுமுனையை பேரிங்குக்குப் போகும் குழாயில் இறக்கிவிடுவார்கள். திரி எண்ணெயை உறிஞ்சி மேலே ஏற்றி மெல்ல மெல்ல இறக்கும். அதில் ஒரு குறை: வண்டி நின்றாலும் திரி நிற்காது. அதிக நேரம் நிற்பதாக இருந்தால் திரியை வெளியே எடுத்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கிண்ணம் காலியாகி எண்ணெய் தண்டவாளத்தில் கிடக்கும். கடையில் விற்கிற சாதனமோ வீட்டில் செய்ததோ, இதைப் பற்றி நான் முதலில் கேட்கிற கேள்வியும் அதுதான்: வண்டி நின்றால் சொட்டு நிற்குமா?

ஸ்காட்லாந்தில் செய்கிற ஸ்காட்டாய்லர் என்ற செயின் எண்ணெய்ச் சாதனம் இதற்கு அழகான வழி வைத்திருக்கிறது. இன்ஜின் காற்றை உறிஞ்சும் குழாயில் வெற்றிடம் உண்டாகிறது அல்லவா, அது ஒரு சின்ன வால்வைத் தூக்கிப் பிடிக்கும், எண்ணெய் சொட்டும். இன்ஜினை அணைத்தால் வால்வு உட்கார்ந்துவிடும். மோட்டார் கிடையாது, வயர் கிடையாது. கார்புரேட்டர் வண்டியாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு இதையே செய்யச் சொல்வேன். உன்னுடையது கார்புரேட்டர் இல்லாத பி.எஸ்.6 வண்டி. அந்தக் குழாயில் எங்காவது பொடிக் கசிவு வந்தாலும் ஐடிலிங் ஏறி இறங்கும். சென்சார் எல்லாம் குழம்பும். புது வண்டியில் அந்த ரப்பரை வெட்டி டி-ஜாயின்ட் போட எனக்கு மனசு வரவில்லை.

அதனால் உனக்கு வேறு மாதிரி செய்யலாம் என்று இருக்கிறேன். சீட்டுக்கு அடியில் 50 மில்லி பிடிக்கிற சின்ன டப்பா. அதிலிருந்து சலைன் ஏற்றுகிற டிரிப் செட். அதைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, தினமும் மாட்டுக்குப் போடுகிறவள் நீ. சொட்டு விழுவது கண்ணுக்குத் தெரியும், உருளையைத் தள்ளிக் கூட்டலாம், குறைக்கலாம். இதைவிட நல்ல அமைப்பைக் காசு கொடுத்தாலும் வாங்க முடியாது. அதற்குக் கீழே 12 வோல்ட் சாலனாய்டு வால்வு ஒன்று. சாவியைத் திருப்பினால் திறக்கும், எடுத்தால் மூடும். 2 ஆம்பியர் ஃபியூஸ் போட்டு நானே வயரிங் செய்து தருகிறேன். வாஷிங் மெஷின் வால்வு பழையது கிடைக்கிறது என்று யாராவது கொடுத்தால் வாங்காதே. தண்ணீர் அழுத்தம் இருந்தால்தான் அது திறக்கும். ஒரு அடி உயரத்து எண்ணெய்க்கு அது அசையாது. அழுத்தமே இல்லாமல் நேராகத் திறக்கிற வகை தனியாக உண்டு. திருச்சியில் நான் பார்த்து வாங்கிவிடுகிறேன்.

டப்பா மூடியில் காற்றுக்கு ஒரு துளை வேண்டும். இல்லாவிட்டால் கொஞ்ச தூரம் போனதும் சொட்டு நின்றுவிடும். ஏர் வென்ட்டை மூடிவிட்டால் பாட்டில் எப்படி நின்றுபோகும் என்று உனக்கே தெரியும். டிரிப் செட் குழாய் எண்ணெய் பட்டுப் பட்டு நாளடைவில் விறைத்துவிடும். அதனால் வால்வுக்குக் கீழே மெல்லிய பெட்ரோல் டியூப்தான். ஸ்விங் ஆர்ம் மேலும் கீழும் ஆடும் இடத்தில் அந்த டியூபைக் கொஞ்சம் தளர்வாக விட வேண்டும். கடைசி ஒரு சாண் நீளத்துக்கு, லாரியில் ஆயில் கேஜுக்குப் போகுமே, அந்த மாதிரி மெல்லிய செம்புக் குழாய். வளைத்த இடத்தில் அப்படியே நிற்கும்.

இனிமேல் சொல்வதை இரண்டு தரம் படி. சொட்டு விழும் இடம்தான் இந்த வேலையின் உயிர். சாதனம் எதுவானாலும் சரி, இடம் தப்பினால் எண்ணெய் டயருக்குப் போகும். டயரில் எண்ணெய் பட்டு, மழையில் ஒரு வளைவில் நீ வண்டியைச் சாய்த்தாயானால்... அதை எழுதக்கூட எனக்குக் கை வரவில்லை. செயினின் மேலே சொட்டவிட்டால் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். வண்டியின் இடப்பக்கம் நின்று பின் ஸ்ப்ராக்கெட்டைக் கடிகாரமாக நினைத்துக்கொள்: சின்ன முள் 7 மணியில் நிற்குமே, அந்த இடம். கீழ்ச் செயின் வந்து பல்லில் ஏறுகிற இடம் அது. குழாய் நுனி ஸ்ப்ராக்கெட்டின் வெளிமுகத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். தகட்டில் பட்ட எண்ணெய் சுழற்சி வேகத்தில் தானே விளிம்புக்கு ஓடி, பல்லில் ஏறி, ரோலருக்குப் போகும். நுனியில் பொருந்துகிற அளவு ரப்பர் டியூப் துண்டு ஒன்றைச் செருகிவிட்டால் செம்பு தகட்டில் உரசாது. ஸ்விங் ஆர்மில் அலுமினியப் பட்டை வைத்து இரண்டு இடத்தில் கிளாம்ப் போட வேண்டும். வெறும் கேபிள் டையை நம்பி விடமாட்டேன். குழாய் நழுவி செயினுக்குள் போனால் அது வேறு ஆபத்து.

அளவு நிமிஷத்துக்கு ஒரு சொட்டு. டிரிப் செட்டில் 20 சொட்டு ஒரு மில்லி என்று நீங்கள் கணக்குப் போடுவீர்கள். எண்ணெய்க்கு அது சரிவராது. பரப்பு இழுவிசை குறைவு, சொட்டு சின்னது, ஒரு மில்லிக்கு முப்பதுக்குக் குறையாது. அப்படியானால் 50 மில்லி ஏறக்குறைய 25 மணி நேர ஓட்டத்துக்கு வரும். உன் சாலைகளில் மணிக்கு 40 கிலோமீட்டர் என்று வைத்தாலும் 1000 கிலோமீட்டர். காலைக் குளிரில் சரிசெய்த அளவு மத்தியான வெயிலில் கூடிவிடும், எண்ணெய் இளகுவதால். அதனால் வெயில் ஏறிய பிறகு அளவு வை. வைத்த பிறகு உருளையை நூலால் கட்டிவிடு, அதிர்வில் நகரும். மழைக்காலத்தில் கொஞ்சம் கூட்டு, மணல் பறக்கும் கோடையில் குறை. மணலில் எண்ணெயே கூடாது, மண் ஒட்டி அரைத்துவிடும் என்று உன் ஊரில் சிலர் சொல்வார்கள். தடித்த கிரீஸைப் பூசினால் அது முழுக்க உண்மை. ஆனால் சொட்டுச் சொட்டாக வருகிற புது எண்ணெய் பழையதையும் அழுக்கையும் வெளியே தள்ளிக்கொண்டே போகும். ரிம்மில் கறுப்பாகத் தெறித்திருப்பது அதுதான். துணியால் துடைத்துவிடு. அந்தத் தெறிப்பு அதிகமானால் சொட்டு அதிகம் என்று அர்த்தம்.

எண்ணெய் புது 20டபிள்யூ-40 இன்ஜின் ஆயில் போதும். 80டபிள்யூ-90 கியர் ஆயிலும் நல்லதே. 90 என்ற எண்ணைப் பார்த்து ரொம்பக் கெட்டி என்று நினைக்காதே. கியர் ஆயிலுக்கு அளவுகோல் வேறு. அது இன்ஜின் ஆயிலின் 40, 50-க்குக் கிட்டத்தட்ட சமம். ஒர்க்ஷாப்பில் வடித்த கறுப்பு ஆயிலை மட்டும் யார் இலவசமாகக் கொடுத்தாலும் விடாதே. அதில் இரும்புத் தூள் இருக்கும். செயினைக் கழுவ மண்ணெண்ணெய் போதும். பெட்ரோலும் இரும்பு பிரஷ்ஷும் ஓ-ரிங்கைக் கெடுத்துவிடும்.

மாட்டிய முதல் நாள் கொஞ்ச தூரம் மெதுவாக ஓட்டி, இறங்கி, பின் டயரின் இடப்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பார். துணியில் கறை வந்தால் அன்றைக்கு மேற்கொண்டு ஓட்டாதே. பிறகு வாரம் ஒருமுறை இந்தப் பார்வை போதும். செயினின் தளர்ச்சியை எப்போதும்போல நீதான் பார்க்க வேண்டும்; எண்ணெய் விடுகிற சாதனம் டைட் பண்ணித் தராது. பின் ஸ்ப்ராக்கெட்டின் பின்புறத்தில் செயினைக் கையால் இழுத்துப் பார். பல்லில் பாதிக்கு மேல் வெளியே தெரிந்தால் செயின் செட்டையே மாற்றும் நேரம் வந்துவிட்டது. உப்பளத்துப் பக்கம் போய்வந்தால் ராத்திரி ஒரு வாளி நல்ல தண்ணீர் ஊற்று. உப்பைக் கரைக்க எண்ணெயால் ஆகாது.

தீபாவளிக்கு வரும்போது பஸ்ஸில் வராமல் வண்டியிலேயே வா. மழை பிடிப்பதற்குள் ஒரு பகல் வேலையாக முடித்துவிடலாம். பிரிக்காத டிரிப் செட் இரண்டு எடுத்து வா. மாட்டுக்குப் போட்டது வேண்டாம். வண்டிப் புத்தகத்தில் வயரிங் படம் இருக்கிற பக்கத்தைப் போட்டோ எடுத்து முன்னாடியே அனுப்பு, எந்த வயரில் எடுப்பது என்று பார்த்து வைக்கிறேன். மாட்டும்போது ஸ்பேனர் உன் கையில்தான் இருக்கும், நான் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். நாளைக்கு அங்கே ஏதாவது கழன்றால் நீயே மாட்டத் தெரிய வேண்டும் அல்லவா? அக்காவிடம் சொல், அவள் கேட்ட மணப்பாறை முறுக்கு வாங்கி வைத்திருக்கிறேன், உன்னிடம் கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
மாமா