கூந்தன்குளத்தில் ஒரு சித்திரைக் காலை

திருநெல்வேலிச் சீமையில் சித்திரை மாதம் மக்கள் நிழலைத் தேடும் மாதம். வசதி படைத்தோர் கொடைக்கானலுக்குப் புறப்படுவர். ஏனையோர் வேப்பமரத்தடியில் கட்டிலைப் போட்டுக்கொள்வர். இவ்வேளையில் நாங்குநேரி வட்டத்துக் கூந்தன்குளத்திற்குப் பறவை பார்க்கப் போகிறோம் என்று சொன்னால் நண்பர்கள் நம்மை இரக்கத்துடன் நோக்குகின்றனர். பறவை பார்ப்பதெனில் மார்கழி, தை மாதங்களில் அன்றோ செல்ல வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. இமயத்தைக் கடந்து வருகின்ற வரித்தலை வாத்துகளையும், வடதிசையிலிருந்து வரும் பலவகைச் சிறு வாத்துகளையும் காண விரும்புவோர் குளிர்காலத்தில்தான் வரவேண்டும். பங்குனி முடிவதற்குள் அவ்விருந்தினர் அனைவரும் விடைபெற்றுச் சென்றுவிடுவர். ஆயினும் விருந்தினர் போன பிறகு வீட்டில் நடக்கும் குடும்ப வாழ்க்கையைப் பார்ப்பதற்குக் கோடையே ஏற்ற காலம்.

கூந்தன்குளம் திருநெல்வேலிக்குத் தெற்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. மூலைக்கரைப்பட்டி வழியாகச் சென்றால், புலர்ந்தும் புலராத வைகறையிலேயே நமக்குக் காட்சிகள் தொடங்கிவிடுகின்றன. மின்கம்பியில் பனங்காடை ஒன்று அசையாமல் அமர்ந்திருந்தது. அமர்ந்திருக்கையில் அது மண்ணிறப் பறவை. பறக்கும்போதோ சிறகில் நீலம் ஒளிர்கிறது. பனைகளைச் சுற்றிச் சிறு அம்புகள் போல வட்டமிட்டவை பனை உழவாரன்கள். தமது எச்சிலையே பசையாகக் கொண்டு பனையோலையின் அடிப்புறத்தில் கூட்டை ஒட்டும் பறவை அது. பனையை வெட்டினால் அதன் குடியும் போயிற்று.

சாலையோரத்துப் பொட்டலில் நாம் இறங்கியதுதான் தாமதம், ஆள்காட்டி குரலெழுப்பிவிட்டது. நம்முடன் வந்த பங்கு இளைஞர் நால்வரும் அதன் கூட்டைத் தேடினர். கூடு என்று ஒன்று இருந்தால்தானே! வெறுந்தரையில், கற்களுக்கிடையில், கற்களைப் போலவே புள்ளியிட்ட முட்டைகளை இட்டுவிடுகிறது இப்பறவை. சித்திரை வெயிலில் அம்முட்டைகள் வெந்துபோகாமல் இருப்பது எப்படி? தாய் நீர்நிலைக்குச் சென்று வயிற்று இறகுகளை நனைத்துக்கொண்டு வந்து, அந்த ஈரத்தால் முட்டைகளைக் குளிர்விக்கிறது. ஒரு நாளில் இத்தனை முறை என்று யாரேனும் எண்ணிப் பார்க்க வேண்டும். நமக்கு அவ்வளவு பொறுமை இல்லை. தாயைக் கலவரப்படுத்தலாகாது என்று இளைஞர்களை அழைத்துக்கொண்டு நடந்தோம்.

குளக்கரையில் ஏறியபோது கிழக்கு வெளுத்திருந்தது. நீர் நடுவே கருவேல மரங்கள். மரங்களில் இலையைக் காட்டிலும் பறவைகளே மிகுதி. நீர்க்காகங்கள் நனைந்த சிறகை விரித்துக் காய வைத்துக்கொண்டிருந்தன. பாம்புத்தாரா உடலை நீருக்குள் மறைத்துக் கழுத்தை மட்டும் வெளியே நீட்டி நீந்தியது; முதன்முறை காண்போர் பாம்பென்றே அஞ்சுவர். கரண்டிவாயன்கள் அலகை இருபுறமும் வீசிச் சேற்றைத் துழாவின. அரிவாள் மூக்கன்களும், நத்தைகுத்தி நாரைகளும், முக்குளிப்பான்களும் அங்கிருந்தன. எல்லாவற்றையும் விவரிக்கப் புகுந்தால் இக்கட்டுரை பட்டியலாகிவிடும். இருவரைப் பற்றி மட்டும் சொல்வோம்.

முதலாவது, கூழைக்கடா. ஏழெட்டடி அகலச் சிறகை விரித்து அது இறங்கும் காட்சி, பெரிய தோணி ஒன்று கரை சேர்வது போன்றது. கூட்டில் அதன் நடத்தையோ வேறு. குஞ்சு தன் தலையையும் கழுத்தையும் தாயின் அலகுப் பைக்குள் நுழைத்து உணவை எடுத்துக்கொள்கிறது. குஞ்சைத் தாய் விழுங்குகிறதோ என்று இளைஞர் ஒருவர் திடுக்கிட்டார். 1961இலேயே பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்விதழில் இவ்வூர்க் கூழைக்கடாக்களைப் பற்றிய குறிப்பு வெளிவந்துள்ளது.

இரண்டாவது, மஞ்சள்மூக்கு நாரை. வெண்ணிற உடல், மார்பின் குறுக்கே கருநிறப் பட்டை, வாலருகே யாரோ ரோஜாச் சாயம் தோய்த்தது போன்ற இறகுகள். வளர்ந்த நாரைக்குக் குரல் இல்லையென்றே சொல்லலாம். அலகுகளைத் தட்டி ஒலியெழுப்புவதே அதன் பேச்சு. குஞ்சுகள் மட்டும் ஓயாமல் கத்துகின்றன. வெயில் ஏற ஏற, தாய் சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று சிறகுகளைக் குடைபோல் விரிக்கிறது. அக்குடையின் கீழ் குஞ்சுகள் ஒடுங்கிக் கிடக்கின்றன. சூரியன் நகர்வதற்கேற்பத் தாயும் திரும்பிக்கொள்கிறது. ஒன்று நிழல் தர, மற்றொன்று மீன் தேடிப் பறக்கிறது. பின்னர் முறை மாறுகிறது.

இவ்வளவும் தொலைநோக்கி வழியே கண்டவை. ஆனால் ஊருக்குள் நுழைந்தால் தொலைநோக்கி தேவையில்லை. வீட்டுப் புறக்கடைப் புளியமரத்திலும் வேம்பிலும் கூடுகள்! ஓட்டுக் கூரை, வேலி, மாட்டுத் தொழுவம் யாவும் எச்சத்தால் சுண்ணாம்பு பூசியவை போல் காண்கின்றன. மேலிருந்து தவறிய மீன் முற்றத்தில் கிடந்து நாறுகிறது. துணி உலர்த்த இடமில்லை. பறவைகளைப் பற்றி அழகாக எழுதுவோர் இந்நாற்றத்தைப் பெரும்பாலும் எழுதுவதில்லை. அரை நாழிகை நின்றாலே நமக்குத் தலை சுற்றுகிறது. இம்மக்களோ மாதக்கணக்கில் அதனுள் வாழ்கின்றனர்.

முற்றம் பெருக்கிக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவரிடம், "அம்மா, இதை எப்படிப் பொறுத்துக்கொள்கிறீர்கள்?" என்று கேட்டோம்.

அவர் விளக்குமாற்றை ஊன்றி நிமிர்ந்தார். "என்ன செய்ய ஐயா? புள்ளப்பேறுக்கு ஆத்தா வீட்டுக்கு வந்திருக்க மவள நாறுதுன்னு சொல்லுவமா? ரெண்டு மாசந்தானே, பிள்ளையளத் தூக்கிட்டுப் போயிரும்லா!" என்றார். மீண்டும் பெருக்கத் தொடங்கினார்.

இது அந்த மூதாட்டி ஒருவரின் எண்ணம் மட்டுமன்று, ஊரின் எண்ணம். பறவைகள் மிரளக்கூடாதென்று இங்கே தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை எடுத்துப் பராமரிப்புக் கூண்டில் சேர்க்கின்றனர். அரசு 1994ஆம் ஆண்டில் இதனைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2022இல் பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இதன் பெயர் வெளியாயிற்று. கூந்தன்குளம், காடன்குளம் என்னும் இரு குளங்களும் சேர்ந்து சுமார் 129 ஹெக்டேர் இவ்வாறு காக்கப்படுகின்றன. நல்ல செய்திதான். ஆனால் சட்டம் வருவதற்கு நெடுங்காலம் முன்பே பறவைகள் இங்கே அச்சமின்றிக் குஞ்சு பொரித்து வந்தன என்பதை மறவாதிருத்தல் நன்று.

ஊரார்க்கு இதில் ஆதாயமும் உண்டு. எச்சம் கலந்த குளத்து நீர் வயலுக்கு உரமாகிறது. நீர் வற்றியபின் அள்ளும் வண்டலும் நல்ல எரு. வேடந்தாங்கல் மக்களும் இதையறிந்தே, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் செங்கற்பட்டு கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ் என்பாரிடம் தம் பறவைகளுக்குப் பாதுகாப்புக் கேட்டுப் பெற்றனர். ஆதாயம் இருப்பதால் அன்பு பொய்யாகிவிடுமோ? பசுவை நேசிப்பவன் பாலையும் குடிக்கத்தான் செய்கிறான்.

அன்று காலை நம்மைக் கவலைக்குள்ளாக்கியது நாற்றமன்று, நீரின் அளவு. கரைச் சரிவில் ஈரத்தின் தடம் நீருக்கு வெகு மேலே தெரிந்தது. கணக்கிட்டுப் பார்த்தோம். நாரையின் முட்டை பொரிய ஏறத்தாழ ஒரு மாதம். குஞ்சு பறக்க மேலும் இரண்டு மாதம். மாசியின் இறுதியில் இட்ட முட்டை பங்குனியின் இறுதியில் பொரிந்தால், குஞ்சு சிறகடிக்க வைகாசி முடியவேண்டும். அதுவரை குளத்தில் நீர் நிற்குமா? நீர் வற்றினால் மரத்தடி வரை நாய்களும் நரிகளும் நடந்து வரும். மீன் தேடித் தாய் நெடுந்தூரம் பறக்க நேரும். அத்தனை நேரமும் கூட்டில் நிழலேது?

இக்குளம் வடகிழக்குப் பருவமழையையும், மணிமுத்தாற்று அணையிலிருந்து கால்வாய் வழியே வரும் நீரையும் நம்பியிருக்கிறது. கால்வாயில் நீர் வருமுன் அதைக் கேட்டு நிற்கும் குளங்களும் வயல்களும் பல. மழை பொய்த்த ஆண்டில் பறவைகள் கூடு கட்டாமலே திரும்பிவிடுகின்றன. அது ஒருவகையில் நல்லது. கூடு கட்டி, குஞ்சும் பொரித்த பிறகு நீர் குறைவதே கொடுமை. மடையருகே நின்ற விவசாயி ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "வாழை காயுது, அதையும் பாக்கணும்லா சாமி" என்றார். இளைஞர் நால்வரும் உடனே பறவைகளின் பக்கம் பேச முற்பட்டனர். நாம் அவர்களை அடக்கினோம். வாழையை நட்டுக் கடன்பட்டு நிற்பவரிடம் பட்டணத்திலிருந்து வந்த நாம் நீதி சொல்லலாகாது. குளத்தைத் தூர்வாரி ஆழப்படுத்தி, கால்வாய் நீரைக் காலத்தே விட்டால் வாழைக்கும் நாரைக்கும் போதும் என்பதே நம் கருத்து. அவரும் அதையே சொன்னார், நம்மைவிடச் சுருக்கமாக.

இக்கோடையில் குடும்பத்துடன் செல்ல எண்ணும் வாசகர்கள் சூரியன் எழுமுன் அங்கிருத்தல் வேண்டும்; ஒன்பது மணிக்கு மேல் வெயிலைத் தாங்குவது கடினம். குடிநீர் கொண்டு செல்லுங்கள். சிறுவர்க்கு வேடிக்கை காட்டுவதற்காகக் கை தட்டிப் பறவைகளை எழுப்புவோரையும், கூட்டு மரத்தடியில் ஒலிப்பானை அலற விடுவோரையும் அன்றுகூடக் கண்டோம். தாய் அஞ்சி எழுந்துவிட்டால், காகம் குஞ்சைக் கவர்வதற்குச் சில கணங்கள் போதும். காகத்திற்குத் தப்பினாலும் வெயில் இருக்கிறது. வண்டியை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு நடந்தே உள்ளே செல்லுங்கள். தலைக்கு ஒரு துண்டு இருக்கட்டும், வெயிலுக்கு மட்டுமன்று.