மூணு அடியா, நாலு அடியா?

உங்க கிளாஸ்ல யாராவது ரோட்டவேட்டர் வாங்க அலைஞ்சிருக்காங்களா? பைக்குக்கு அலைஞ்சிருப்பாங்க, செல்போனுக்கு அலைஞ்சிருப்பாங்க, அரியர் கிளியர் பண்ண சாமி சாமியா அலைஞ்சிருப்பாங்க. நான் நங்கநல்லூரில் ஒரு மூணாவது மாடி ஃபிளாட்டில் இருந்துக்கிட்டு, குட்டி டிராக்டருக்குப் பின்னாடி மாட்டுகிற சுழற்கலப்பைக்காக ஒரு செமஸ்டர் லீவு முழுக்க அலைஞ்சவள். எங்க தெருவில் மண்ணைப் பார்க்கணும்னா துளசித் தொட்டிக்குள்ளேதான் பார்க்கணும். ஏரியாவுக்கு அடையாளம் 32 அடி ஆஞ்சநேயர். அந்த ஊர்ப் பொண்ணுக்கு உழவுக் கருவியோட என்ன சம்பந்தம்னு கேட்கறீங்களா? இருக்கே!

மதுராந்தகம் பக்கத்தில் எங்க ஆயா பேரில் மூணு ஏக்கர் இருக்கு. அப்பா இருபது வயசில் செங்கல்பட்டு லைன் மின்சார ரயிலைப் பிடிச்சு சென்னைக்கு வந்தவர், அப்படியே பழவந்தாங்கல் ஸ்டேஷன்காரர் ஆயிட்டார். நிலத்தைப் பார்த்துக்கிறது சித்தப்பா. சம்பாவும் நவரையும் நெல்லு, தண்ணி மிச்சம் இருந்தா சொர்ணவாரி. மேட்டு ஏக்கரில் வேர்க்கடலை. உழவுக்கு வாடகை டிராக்டர்தான்.

இங்கேதான் மேட்டரே. மழை பேஞ்சு நின்ன பிறகு மண்ணு பதமா இருக்கிறது சில நாள்தான். அந்த நாளில் ஊர்ல அத்தனை பேருக்கும் அதே டிராக்டர் வேணும். பெரிய காணிக்காரங்க முதல்ல, மூணு ஏக்கர் ஆளுங்க கடைசியில. எங்க முறை வர்றப்ப மண்ணு காய்ஞ்சு பாறையாகியிருக்கும். போன வருஷம் மேட்டு ஏக்கர் அப்படியே தரிசாக் கிடந்துச்சு. தரிசு நிலத்துக்கு முதல்ல வர்றது கொக்கு இல்லீங்க, பிளாட் புரோக்கர். ரெண்டு தடவை வந்தார். "இதை வெச்சுக்கிட்டு என்னம்மா பண்ணப் போறீங்க"ன்னு ஆயாகிட்ட அவர் கேட்டப்போ, சித்தப்பா பதில் பேசலை. பேசாம இருந்ததுதான் அப்பாவுக்குப் பயத்தைக் கிளப்பிடுச்சு.

அப்புறம் சித்தப்பா கையில் இருந்ததைப் போட்டு 18.5 எச்.பி. மினி டிராக்டர் ஒண்ணை செகண்ட் ஹேண்டில் பிடிச்சார். ஆனா டிராக்டர்ங்கிறது வெறும் மாடு மாதிரி. கலப்பை இல்லேன்னா அது சும்மா ரோட்டில் போய்ட்டு வரும், அவ்வளவுதான். கலப்பைக்கான காசு அப்பாவோட சீட்டுப் பணத்தில் இருந்து. அந்தச் சீட்டு என்னோட கடைசி வருஷ ஃபீஸுக்காகக் கட்டினது. "ஒரு தடவைதான் வாங்க முடியும். நீ மெக்கானிக்கல்தானே படிக்கிறே, பார்த்துச் சொல்லு"ன்னுட்டார் அப்பா. எந்த வைவாவிலும் எனக்கு இப்படி வயித்தைக் கலக்கினதில்லை!

முதல்ல போன கடைக்காரர் என்னைப் பார்த்து சிரிச்சார். "பாப்பா, நாலு அடி எடுத்துக்கங்க, வேலை சீக்கிரம் முடியும். மூணு அடியெல்லாம் பொம்மை"ன்னார். சித்தப்பாவுக்கும் நாலு அடியில் ஒரு கண்ணு. பெரிசா இருந்தா ஊர்ல மதிப்பு இல்லியா? நான் கேட்டலாக்கை மட்டும் வாங்கிட்டு வந்து கால்குலேட்டரோட உட்கார்ந்தேன். நீங்களும் கூட வாங்க, பெரிய கணக்கு இல்லை, ஜுஜுபிதான்.

டிராக்டருக்குப் பின்னாடி பி.டி.ஓ.ன்னு ஒரு தண்டு நீட்டிக்கிட்டு இருக்கும். இன்ஜினோட சக்தியைக் கருவிக்குக் கொடுக்கிற தண்டு. நிமிஷத்துக்கு 540 சுத்துங்கிறதுதான் வழக்கமான அளவு. இன்ஜினில் இருக்கிற எச்.பி. முழுசா அங்கே வந்து சேராது, சுமாரா 85 சதவீதம்தான் வரும். எங்களோட 18.5 அங்கே வந்து சேரும்போது பதினஞ்சரை, பதினாறு. கேட்டலாக்கில் என்ன போட்டிருக்கான்? ஆறு அடி ரோட்டவேட்டருக்கு 45, 50 எச்.பி. டிராக்டர். அஞ்சு அடிக்கு 35, 40. நாலு அடிக்கு 25-க்கு மேலே. அப்போ எங்க வண்டிக்கு நாலு அடியை மாட்டினா என்ன ஆகும்? ஓடும். ஆனா களிமண்ணில் முக்கும், கறுப்புப் புகை தள்ளும், சித்தப்பா ஆழத்தைக் குறைப்பார், மேல் மண்ணை மட்டும் கிளறிட்டு வீட்டுக்கு வந்துடும்.

சரி, நேரம்? மணிக்கு 2 கிலோமீட்டர் வேகத்தில் போகிறோம்னு வெச்சுக்கங்க. மூணு அடின்னா சுமாரா 0.9 மீட்டர். ஒரு மணி நேரத்தில் 1,800 சதுர மீட்டர். திரும்புற நேரம், ஒரு சால் மேல அடுத்த சால் ஏறுறது எல்லாத்தையும் கழிச்சு முக்கால் பங்குன்னு எடுத்தா 1,350. ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர். ஆக ஏக்கருக்கு மூணு மணி நேரம். இதே கணக்கை நாலு அடிக்குப் போட்டா ரெண்டே கால் மணி நேரம். மூணு ஏக்கருக்கும் சேர்த்து வித்தியாசம் ரெண்டே கால் மணி நேரம்! இந்த ரெண்டே கால் மணி நேரத்துக்காக செகண்ட் ஹேண்ட் இன்ஜினைக் கொல்லணுமா? சித்தப்பா பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கணக்கு சரிதான் கண்ணு. ஆனா டயர் தடம்?"

அட, அது புத்தகத்தில் வராத கேள்வி. ரோட்டவேட்டர் எப்பவும் பின் டயர் ரெண்டோட வெளி ஓரத்தையும் மூடுற அகலத்தில் இருக்கணும். இல்லேன்னா உழுத மண்ணுக்குப் பக்கத்திலேயே டயர் அழுத்தின தடம் இறுகிப்போய் நிக்கும். ரெண்டு வழி இருக்கு. சில டிராக்டர்களில் பின் சக்கரத்து ரிம்மைத் திருப்பி மாட்டி டயர்களை உள்ளே கொண்டு வரலாம். இல்லேன்னா ரோட்டவேட்டரை ஒரு பக்கமாத் தள்ளி மாட்டணும், ஒரு டயர் தடம் மூடும். இன்னொரு தடம் அடுத்த சாலில் மூடிக்கும். சித்தப்பா டேப்பை எடுத்துட்டுப் போய் அளந்தார். ரிம்மைத் திருப்பினதும் சரியா உள்ளே வந்துச்சு. நாலு அடி ஆசை அன்னிக்கோட போச்சு.

இந்த அலைச்சலில் ஒரு ஆளைக் கண்டுபிடிச்சேன். ஆர்தர் கிளிஃபோர்ட் ஹோவர்ட். ஆஸ்திரேலியாவில் கில்காண்ட்ராங்கிற ஊரில், அப்பாவோட பண்ணையில், 1912-ல் இன்ஜின் சக்தியால் கத்தியைச் சுத்த வெச்சு மண்ணைக் கிளறிப் பார்த்தவர். அப்போ அவருக்கு வயசு 19. நம்ம செகண்ட் இயர் வயசு மக்களே! 1920-ல் பேடண்ட், 1922-ல் சொந்தக் கம்பெனி. ரோட்டவேட்டர்ங்கிற பேரை ஆங்கிலத்தில் எழுதிட்டு வலமிருந்து இடமா வாசிச்சுப் பாருங்க. நம்ம விகடகவி மாதிரி திரும்பவும் அதேதான் வரும். (இதை வெச்சே ஹாஸ்டல் ஃப்ரெண்டுகிட்ட ஒரு டீ ஜெயிச்சேன்.) டிராக்டர்னாலே பஞ்சாப்னு நினைச்சுக்கிட்டு இருந்தவளுக்கு, 1960-ல் ஆரம்பிச்ச டாஃபே கம்பெனியோட தலைமை அலுவலகம் நம்ம நுங்கம்பாக்கத்திலேயே இருக்குங்கிறதும் அப்பதான் தெரிஞ்சது.

அகலம் முடிஞ்சது. அடுத்து கத்தி. ஆங்கில 'எல்' எழுத்து மாதிரி வளைஞ்ச கத்திதான் அதிகமா விக்குது. காய்ஞ்ச நிலம், அறுத்த தாள், வேர்க்கடலைக் கொடி எல்லாத்தையும் நறுக்கி மண்ணோட கலக்கும். இறுகின களிமண்ணுக்கும் ஈர மண்ணுக்கும் 'சி' மாதிரி வளைஞ்ச கத்தி மேல்னு சொல்றாங்க. எங்களுக்கு ரெண்டு மண்ணும் இருக்கு! 'எல்' வாங்கினோம். சேற்றுழவிலும் ஓட்டுறதால கடைக்காரர்கிட்ட நான் அதிகமாக் கேட்டது கத்தியைப் பத்தி இல்லை, ரெண்டு ஓரத்திலும் பேரிங்குக்குள்ளே சேறு போகாம தடுக்கிற சீல் பத்தி. கத்தி தேய்ஞ்சா சந்தையில் மாத்துக் கத்தி கிடைக்கும். பேரிங் போனா நடவு நேரத்தில் வண்டி நிக்கும்.

பக்கவாட்டில் சக்தியைக் கொண்டு போறது செயினா, கியரான்னு ஒரு பட்டிமன்றம் உண்டு. செயின் விலை குறைவு, எடையும் குறைவு. ஆனா நாளாக நாளாகத் தளரும், இழுத்துக் கட்டிக்கிட்டே இருக்கணும். கியர் விலை கூட, எடை கூட, உழைப்பு ஜாஸ்தி. குட்டி டிராக்டரில் எடையும் ஒரு விஷயம். பின்னாடி கனமானதை தூக்கினா முன் சக்கரம் லேசாகி ஸ்டீயரிங் சொன்ன பேச்சு கேட்காது. டிராக்டரோட தூக்கும் திறன் எவ்வளவுன்னு பார்த்துட்டு, கியர் எடுத்தோம். மூணு புள்ளி இணைப்போட பின் அளவும் பாருங்க. பெரிய டிராக்டருக்கு வர்ற பின் குட்டி டிராக்டரில் நுழையாது.

மெக்கானிக்கல் பசங்களுக்காக இன்னொரு கணக்கு. ரோட்டார் நிமிஷத்துக்கு 200 சுத்துன்னு வெச்சுக்கங்க, ஒரு தடத்தில் அடுத்தடுத்து மூணு கத்தி. வண்டி 2 கிலோமீட்டர் வேகத்தில் போனா ஒவ்வொரு கத்தியும் கடிக்கிற மண் துண்டு சுமாரா அஞ்சரை சென்டிமீட்டர். 4 கிலோமீட்டரில் போனா 11. மண்ணு பொடியா வேணும்னா பெரிய மெஷின் வேணாம், மெதுவாப் போனாப் போதும். பின்னாடி இருக்கிற தகட்டுப் பலகையை இறக்கி விட்டா கட்டி அதில் மோதி இன்னும் உடையும். தூக்கி விட்டா கட்டியும் மண்ணுமா கிடக்கும்.

எல்லாம் பேசி முடிச்சு மெஷின் வந்தப்போ பி.டி.ஓ. தண்டுக்கு மேலே இருக்க வேண்டிய பிளாஸ்டிக் உறை இல்லை. கேட்டா, "அது எதுக்கு பாப்பா, எல்லாரும் கழட்டிப் போட்டுடறாங்க"ங்கறார். எனக்கு நிஜமாவே கோபம் வந்துடுச்சு. 540 சுத்துன்னா ஒரு நொடிக்கு 9 தடவை. வேட்டி நுனியோ துப்பட்டாவோ மாட்டினா கையை எடுக்கக்கூட நேரம் இருக்காது. சித்தப்பா வயலில் லுங்கியில்தான் நிப்பார். உறை வந்த பிறகுதான் பாக்கிப் பணம்னு சொல்லிட்டேன். ரெண்டாம் நாள் வந்துடுச்சு. நீங்க யாராவது வீட்டுக்கு வாங்கினா பேரம் பேசறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க. கத்தியில் சுத்தின கொடியை எடுக்கணும்னா இன்ஜினை நிறுத்தி, சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கிட்டுத்தான் குனியணும்.

இனி காசு. மத்திய அரசோட வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில், சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் 50 சதவீதம், மத்தவங்களுக்கு 40 சதவீதம் மானியம். ஒவ்வொரு கருவிக்கும் உச்சவரம்பு உண்டு, அரசு ஒப்புதல் பட்டியலில் இருக்கிற மாடலாவும் இருக்கணும். பட்டா ஆயா பேரில் இருந்ததால ஆயாதான் விண்ணப்பதாரர். வேளாண்மைப் பொறியியல் துறையோட தலைமை அலுவலகம் நந்தனத்தில் இருக்கு, எங்க மெட்ரோவில் நேரே போய் இறங்கலாம். ஆனா மனு கொடுக்க வேண்டியது நிலம் இருக்கிற பகுதியோட உதவி செயற்பொறியாளர் ஆபீஸில். சிட்டா, அடங்கல், ஆதார், சிறு குறு விவசாயி சான்றுன்னு ஒரு ஃபைல் ஆச்சு. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கும் இந்த மாதிரி உழவுக் கருவிகளுக்கும் ஜி.எஸ்.டி. 12-ல் இருந்து 5 சதவீதமாக் குறைஞ்சதும் எங்களுக்குக் கைகொடுத்தது. சீட்டுப் பணத்தில் பாதிக்கு மேலே மிஞ்சினது. என் ஃபீஸ் பத்தி அப்பா இன்னும் கணக்கு போட்டுக்கிட்டுத்தான் இருக்கார், ஆனா முகத்தில் அந்தப் பழைய கலவரம் இல்லை.

மேட்டு ஏக்கரில் முதல் சால் ஓட்டின அன்னிக்கு ஆயா வெறுங்காலோட இறங்கி, கட்டியைக் குதிகாலால் மிதிச்சுப் பார்த்தாங்க. பொலபொலன்னு உதிர்ந்துச்சு. "மாவு மாதிரி இருக்கு"ன்னாங்க. அடுத்த நொடியே, "மாவு மாதிரி இருந்தா மழைத் தண்ணி எப்படிக் கீழே இறங்கும்?"னு ஒரு கேள்வி. யம்மா! எங்க புரொஃபஸர் தோத்தார். ரோட்டவேட்டரோட நிஜமான குறையே அதுதான். திரும்பத் திரும்ப அதே ஆழத்தில் அதையே ஓட்டினா, மேலே மாவு, அடியில் தளம் போட்ட மாதிரி ஒரு கெட்டி அடுக்கு உண்டாகும். வேரும் இறங்காது, தண்ணியும் இறங்காது. இதுக்குத்தான் மூணு வருஷத்துக்கு ஒரு தடவை அரை மீட்டர் இடைவெளியில் உளிக்கலப்பை ஓட்டச் சொல்லுது கோவை வேளாண் பல்கலைக்கழகம்.

அதை இழுக்க எங்க 18.5 எச்.பி.க்கு மூச்சு வராது, பெரிய டிராக்டர் வேணும். கோடையில் ஒரு நாள் வாடகைக்கு எடுத்துக்கலாம், அந்த நேரத்தில் யாரும் அடிச்சுக்க மாட்டாங்க. சித்தப்பா போனில் உழவன் செயலியைப் போட்டுக் கொடுத்து, இ-வாடகையில் எப்படிப் பதிவு பண்றதுன்னு காட்டிட்டு வந்திருக்கேன். அதுவரைக்கும் அவருக்கு இருக்கிற வேலை, முதல் சில மணி நேரம் ஓடின பிறகு கத்தி போல்ட் ஒவ்வொண்ணையும் ஸ்பேனர் போட்டு இறுக்கிறது. மொத்தம் எத்தனை போல்ட்னு சுவத்தில் கரியால் எழுதி வெச்சிருக்கேன். எண்ணிட்டு போன் பண்றேன்னு சொல்லியிருக்கார்.